சுரண்டிய கோடுகளுக்குள் ஒரு சிறுமி

எட்வர்ட் முங்க் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 'அலறல்' ஓவியம்தான். இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து, வாயைப் பிளந்து, பாலத்தின் மேல் நிற்கும் அந்த உருவம். காபிக் கோப்பை, டி-ஷர்ட், காற்றடித்த பொம்மை என்று அது போகாத இடம் இல்லை. (மன்ச் என்றும் எழுதுகிறார்கள். நார்வேக்காரர்கள் சொல்வது முங்க் என்பதற்குத்தான் பக்கத்தில் வருகிறது.) இங்கே நான் எழுதப் போவது அதைப் பற்றி இல்லை. அதற்கு எட்டு வருடம் முன்பே அவர் வரையத் தொடங்கி, ஏறக்குறைய நாற்பது வருடம் விடாமல் திரும்பத் திரும்ப வரைந்த ஒரு சிறுமியைப் பற்றி. அதிலும் குறிப்பாக, 1894ல் பெர்லினில் ஒரு செம்புத் தகட்டில் ஊசியால் கீறி அவர் எடுத்த அச்சுப்படத்தைப் பற்றி. அதன் பெயர் 'நோயுற்ற குழந்தை'.

படத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஒரு சிறுமி பெரிய தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முகம் பக்கவாட்டில் தெரிகிறது. பக்கத்தில் ஒரு பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறாள், முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். அவ்வளவுதான். ஆனால் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள் (பல அருங்காட்சியகங்கள் இதை நல்ல தெளிவில் இணையத்தில் வைத்திருக்கின்றன). கோடுகள் ஒரு பொருளின் ஓரத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, சில இடங்களில் ஆத்திரத்தோடு கிறுக்கியதுபோல, சில இடங்களில் தொடவே பயந்ததுபோல இருக்கின்றன. இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் ஒரு குடும்பக் கதையும் ஒரு கண்காட்சிக் கலாட்டாவும் ஒரு உலோகத்தின் குணமும் சேர்ந்து வருகின்றன.

முதலில் குடும்பக் கதை. முங்க் பிறந்தது 1863ல். அப்பா ராணுவ மருத்துவர், கடும் பக்திமான். குடும்பம் இருந்தது கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில் (1925ல்தான் பெயர் மாறியது). 1868ல், பையனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, அம்மா காசநோயில் இறந்தார். அம்மாவின் தங்கை காரென் பியோல்ஸ்டாட் வீட்டுக்கு வந்து ஐந்து குழந்தைகளையும் வளர்த்தார். அவர் சித்தியாக வரவில்லை, கடைசிவரை சின்னம்மாவாகவே இருந்தார். எட்வர்டுக்கும் சிறு வயதில் அடிக்கடி உடம்பு முடியாமல் போகும். பதின்மூன்று வயதில் இருமலில் ரத்தம் வந்து, பிழைப்பானா என்றுகூடப் பயந்திருக்கிறார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த வருடம், 1877ல், அவரைவிட ஒரே ஒரு வயது மூத்த அக்கா ஸோஃபி அதே காசநோயில் இறந்துபோனாள். வயது பதினைந்து.

காசநோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882ல். அதாவது ஸோஃபி இறந்தபோது அது எதனால் வருகிறது என்றே உறுதியாகத் தெரியாது. அதற்கு மருந்து வர இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. வீட்டில் ஒரு டாக்டர் இருந்தும் அவரால் செய்ய முடிந்தது ஜெபம் மட்டும்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கவிழ்ந்த தலையைப் பார்க்க வேண்டும்.

எட்டு வருடம் கழித்து, 1885ல், இருபத்தொரு வயது முங்க் இதை வரைய உட்கார்கிறார். அக்கா இல்லை. யாரை உட்கார வைப்பது? அப்பாவோடு ஒரு வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், கால் முறிந்து கிடந்த ஒரு சின்னப் பையனையும், அவனுக்காகக் கலங்கி நின்ற அவன் அக்காவையும் முங்க் பார்த்திருந்தார். அந்தப் பெண் பெயர் பெட்ஸி நீல்சன். பதினொரு வயது, சிவந்த தலைமுடி. தம்பிக்காகக் கலங்கும் ஒரு அக்கா! முங்குக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவளைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தார். பக்கத்தில் தலை கவிழ்ந்த பெண்ணாக உட்கார்ந்தது சின்னம்மா காரென். அவருக்கு இது நடிப்பே இல்லை. ஸோஃபியின் பக்கத்தில் அப்படி உட்கார்ந்தவர்தானே.

அந்த ஓவியம் ஏறக்குறைய 120 செ.மீ. சதுரம். இப்போது ஆஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு வருடம் அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார். பிற்காலத்தில் அவரே எழுதியது: முதலில் பார்த்தபோது மனதில் பதிந்ததை, அந்த வெளிர்ந்த தோலை, நடுங்கும் உதட்டை, எப்படியாவது பிடிக்க வேண்டும் என்று வரைவதும் சுரண்டி எடுப்பதும் டர்பன்டைன் விட்டு வழியவிடுவதும் மறுபடி வரைவதுமாக இருந்தாராம். அதனால் காய்ந்த சாயத்தின் மேல் நெடுக்கும் குறுக்குமாகக் கீறல்கள். தூரிகையின் பின்பக்கத்தாலும் கத்தியாலும் போட்டவை. சிறுமியின் கையும் பெண்ணின் கையும் சேரும் இடம் படத்தின் நடுவிலேயே இருக்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே கையே இல்லை, குழம்பிய சாயம்தான் இருக்கிறது.

இன்னொரு விசித்திரமான தகவலும் அவர் எழுதியதில் உண்டு. வரைந்துகொண்டிருக்கும்போது தன்னுடைய கண்ணிமை மயிர்களும் காட்சியில் கலந்திருப்பதைக் கவனித்தாராம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நமக்கும் தெரியுமே, மேலிருந்து இறங்கும் மங்கலான கோடுகள். அவற்றையும் படத்தின் மேல் நிழலாகப் போட்டுவிட்டாராம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. காரணம், அதுவரை ஐரோப்பிய ஓவியத்தில் கோடு என்பது பார்க்கப்படும் பொருளுக்குச் சொந்தம். மூக்கின் கோடு மூக்கினுடையது, நாற்காலியின் கோடு நாற்காலியினுடையது. இங்கே சில கோடுகள் பார்ப்பவனுடைய கண்ணுக்குச் சொந்தம். அழுகையில் இமை ஒட்டிக்கொள்ளும்போது உலகம் எப்படித் தெரியுமோ, அது. பின்னால் வந்த விமர்சகர்கள் எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர் சூட்டிய சமாச்சாரம் கிட்டத்தட்ட முழுசாக இந்த இமை மயிரில் தொங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1886ல் கிறிஸ்டியானியா இலையுதிர்காலக் கண்காட்சியில் இதை 'பயிற்சி' என்ற அடக்கமான தலைப்பில் வைத்தார். அடக்கம் காப்பாற்றவில்லை. படத்தின் முன்னால் கூட்டம் கூடிச் சிரித்தது. முடிக்காமல் விட்ட படம், கிறுக்கல் என்று பத்திரிகைகள் எழுதின. சக ஓவியர் ஒருவர் நேரிலேயே வந்து போலி ஓவியன் என்று திட்டியதாக முங்க் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சிரித்தவர்களுக்கு நோயுற்ற குழந்தை என்ற பொருள் புதிதில்லை. அந்தக் காலத்து ஸ்காண்டிநேவிய ஓவியர்கள் பலரும் தலையணையில் சாய்ந்த நோயாளிகளை வரைந்திருக்கிறார்கள். முங்கே அதைத் 'தலையணைக் காலம்' என்று கிண்டலாகக் குறிப்பிட்டிருக்கிறார். அதில் மிகச் சிறந்தது என்றால் அவருடைய வழிகாட்டி கிறிஸ்தியான் குரோக் 1880-81ல் வரைந்த 'நோயுற்ற சிறுமி'. வெள்ளைத் தலையணை, வெள்ளை உடை, கையில் உதிரும் ரோஜா, நம்மையே நேராகப் பார்க்கும் கண்கள். அபாரமான ஓவியம். தலையணை உறையின் மடிப்பைக்கூட எண்ணலாம். குரோக்கின் கோடு எங்கேயும் தடுமாறாது. அவர் சிறுமிக்கு எதிரில் உட்கார்ந்து அவளை முழுசாகப் பார்க்கிறார். முங்குக்கு அந்த வசதி இல்லை. அவர் பார்க்க வேண்டியது எட்டு வருடத்துக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'முடிக்காத படம்' என்ற குற்றச்சாட்டு எங்கே தவறுகிறது என்று புரியும். முங்க் தன்னுடைய படத்தைக் குரோக்குக்கே கொடுத்துவிட்டார், அவரும் வாங்கிக்கொண்டார். பெரிய மனது இருவருக்கும்.

சரி, செம்புத் தகட்டுக்கு வருவோம்.

1892 நவம்பரில் பெர்லின் கலைஞர் சங்கம் முங்கைக் கூப்பிட்டுக் கண்காட்சி வைக்கச் சொன்னது. படங்களைப் பார்த்த சங்கத்து மூத்தவர்கள் ஆடிப்போனார்கள். ஓட்டெடுப்பு நடத்தி ஒரே வாரத்தில் கண்காட்சியை மூடினார்கள். இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. முங்க் ஒரே நாளில் பிரபலம். பெர்லினிலேயே தங்கிவிட்டார். ஆனால் பிரபலம் சோறு போடாது, பெரிய ஓவியங்கள் அவ்வளவாக விற்கவும் இல்லை. ஒரு தகட்டிலிருந்து பல பிரதி எடுக்கலாம், குறைந்த விலைக்குக் கொடுக்கலாம், தபாலில்கூட அனுப்பலாம். 1894ல் அச்சுக்கலையில் இறங்கியதற்கு இது ஒரு காரணம். இறங்கியவுடன் எடுத்த முதல் சில தகடுகளிலேயே 'நோயுற்ற குழந்தை' இருக்கிறது.

இதைப் பொதுவாக 'எட்சிங்' என்று சொல்லிவிடுவார்கள். கறாராகப் பார்த்தால் இது எட்சிங்கின் உறவுக்கார முறையான 'ட்ரைபாயிண்ட்'. வித்தியாசம் முக்கியம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்சிங்கில் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கும். ஓவியர் ஊசியால் அந்த மெழுகில் மட்டும் வரைவார், வெண்ணெயில் கோடு போடுவதுபோல ஊசி ஓடும். பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால், மெழுகு விலகிய இடத்தில் அமிலம் செம்பை அரித்துப் பள்ளம் உண்டாக்கும். உலோகத்தை வெட்டுவது அமிலம், கை இல்லை. ட்ரைபாயிண்ட்டில் மெழுகும் கிடையாது, அமிலமும் கிடையாது. கூர்மையான ஊசியை எடுத்து வெறும் செம்பை நேரடியாகக் கீற வேண்டும். கை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் பள்ளம். உலோகம் எதிர்த்துத் தள்ளும். வளைவு போடுவது கஷ்டம், ஊசி வழுக்கும்.

நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வாங்குவோமே, புதிதாக வெட்டிய எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் சொரசொரவென்று பிசிறு தட்டும். ட்ரைபாயிண்ட்டின் உயிர் அந்தப் பிசிறில் இருக்கிறது. ஊசி செம்பை உழுதுகொண்டு போகும்போது, ஏர் உழுத சாலின் இரண்டு பக்கமும் மண் குவிவதுபோல, உலோகப் பிசிறு ஓரத்தில் எழும்பி நிற்கும். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி மை தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் மை தங்கும் அல்லவா? இங்கேயும் அதே கணக்குதான். ஆனால் பள்ளத்தில் மட்டுமின்றி இந்தப் பிசிறிலும் மை சிக்கிக்கொள்ளும். ஈரத் தாளை வைத்து உருளை அச்சில் அழுத்தி எடுத்தால் கோடு கூர்மையாக வராமல், ஓரம் கசிந்து, வெல்வெட்போல, புகைபோல வரும். ரெம்பிராண்ட் இதை வைத்து விளையாடியிருக்கிறார். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு முறை அச்சில் அழுத்தும்போதும் பிசிறு நசுங்கும். சில டஜன் பிரதிகளுக்குள் கோடு மெலிந்துவிடும். நிறையப் பிரதி வேண்டுமென்றால் தகட்டின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றித் தாங்க வைப்பார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். கேன்வாஸில் முங்க் சுரண்டியபோது என்ன நடந்தது? சாயம் போனது. சுரண்டல் என்றால் எடுத்தல், அழித்தல். கீறிய இடத்தில் அடியில் இருக்கும் அடுக்கு வெளியே வரும். செம்பில் அதே கை, அதே சைகை. கீறல் விழுந்த இடம் அச்சில் கறுப்பாக வருகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் எதை அழிப்பதற்காகச் செய்தாரோ, அதுவே இங்கே வரைதல் ஆகிவிட்டது. கண்காட்சியில் சிரித்தார்களே, எந்தக் கீறலைப் பார்த்துச் சிரித்தார்களோ, அந்தக் கீறல் தவிர வேறு எதுவுமே இல்லாத ஒரு ஊடகத்தை அவர் கண்டுபிடித்துக்கொண்டார். ஊடகத்துக்காக அவர் மாறவில்லை. அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்கு ஒரு ஊடகம் கிடைத்தது.

இன்னொரு தலைகீழ் மாற்றமும் உண்டு. கேன்வாஸில் பிடிக்கவில்லை என்றால் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரையலாம், ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினார். செம்பில் அது லேசில் முடியாது. தவறான கோட்டை எடுக்க வேண்டுமென்றால் உலோகத்தையே சுரண்டித் தேய்த்து மட்டம் செய்ய வேண்டும், அப்போதும் தடம் இருக்கும். போட்ட கோடு போட்டதுதான். பெரும்பாலும் வேண்டாத கோட்டின் மேல் இன்னும் நாலு கோடு போட்டு மூடுவதுதான் வழி. அதனால்தான் பின்னணியும் பெண்ணின் உடையும் கோடுகள் அடர்ந்து அடர்ந்து இருட்டாகின்றன. எல்லாம் ஒரே நிழல்தான் என்றாலும், உற்றுப் பார்த்தால் கை எத்தனை முறை போய்வந்தது என்பது தெரிகிறது.

சிறுமிக்கு வந்தால் நேர்மாறு. முகத்திலும் தலையணையிலும்தான் இருப்பதிலேயே குறைவான கோடுகள். நெற்றி, மூக்கு, லேசாகத் திறந்த வாய், அவ்வளவுக்குத் தேவையானது மட்டும். இந்த முறையில் வெளிச்சம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஊசி தொடாத செம்பு மையைப் பிடிக்காது, அங்கே தாளின் வெள்ளை அப்படியே நிற்கும். அதாவது அந்தச் சிறுமியின் வெளிர்ந்த முகம் முங்க் வரைந்ததால் வந்ததைவிட, தொடாமல் விட்டதால் வந்தது அதிகம். சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் கீறித் தள்ளிவிட்டு, அவளிடம் வரும்போது மட்டும் ஊசி தயங்குகிறது. கேன்வாஸில் அவள் முகத்தைத்தான் அவர் அதிகம் பாடுபடுத்தினார். தகட்டில் அங்கேதான் கை மிக லேசாக இருக்கிறது. காலம் செய்த வேலையா, உலோகம் செய்த வேலையா, எனக்கு இரண்டும் என்றுதான் தோன்றுகிறது.

தகட்டின் கீழ் ஓரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முக்கியப் படம் முடிந்த பிறகு, அதற்கு அடியில் தனியாக, சில கோடுகளில் ஒரு சின்ன நிலக்காட்சி. அறைக்குள் நடக்கும் மரணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்து அச்சு ஓவியர்களிடம் இப்படி ஓரத்தில் சின்னப் படம் கீறும் பழக்கம் உண்டு. ஊசியைச் சோதிக்கக் கீறுவார்கள். அப்படி ஓரப் படம் உள்ள பிரதிகளைத் தனி மதிப்போடு சேகரிப்பவர்களும் இருந்தார்கள். முங்க் அந்தப் பழக்கத்தைத்தான் பின்பற்றினார் என்று விட்டுவிடலாம். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத ஒரு பெண்ணின் காலடியில் ஒரு வெளியுலகத்தை வைப்பது வெறும் ஊசிச் சோதனையாக எனக்குத் தெரியவில்லை. அவள் போக முடியாத இடம் அது. வேறு விதமாகவும் படிக்கலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

1895ல் யூலியஸ் மையர்-கிரேஃப என்ற இளம் கலை விமர்சகர் முங்கின் எட்டு அச்சுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அதில் இதுவும் ஒன்று. விற்பனை பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் முங்கின் கோடு ஓவியக் கூடத்தை விட்டு வெளியே நடமாடத் தொடங்கியது இப்படித்தான்.

அடுத்த வருடம் பாரிசுக்குப் போனவர் அங்கேயும் இவளை விடவில்லை. 1896ல் கல்லச்சில், அதாவது லித்தோகிராஃபில், முழுக் காட்சியையும் விட்டுவிட்டுத் தலையை மட்டும் எடுத்துக்கொண்டார். தலையணை மேல் பக்கவாட்டு முகம், அவ்வளவுதான். சின்னம்மா இல்லை, கை இல்லை, அறை இல்லை. அச்சிட்டது ஓகுஸ்த் க்ளோ என்ற புகழ்பெற்ற அச்சுக்காரரின் பட்டறை. அங்கே நடந்ததாக ஓவியர் பவுல் ஹெர்மன் சொன்ன கதை ஒன்று உண்டு. கற்கள் வரிசையாக அடுக்கி இருக்கின்றன. முங்க் முன்னால் வந்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, காற்றில் விரலை ஆட்டியபடி எந்தக் கல்லுக்கு எந்த நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பிறகு கண்ணைத் திறந்து, வா ஒரு வாய் குடித்துவிட்டு வரலாம் என்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் அச்சுக்காரர் எடுத்து வைத்திருக்கிறார். வந்ததும் மறுபடி கண்ணை மூடி வேறு நிறங்கள். மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று இதற்கு இத்தனை பிரதிகள் இருப்பதற்கு இதுதான் காரணம். சிவப்புப் பிரதியில் காய்ச்சல் தெரிகிறது, வெளிர் பிரதியில் உயிர் போவது தெரிகிறது. கோடு ஒன்றேதான்.

தலையை மட்டும் எடுத்த இந்தக் கல்லச்சைத்தான் பலரும் உச்சம் என்கிறார்கள். அழகில் உச்சம்தான், மறுக்கவில்லை. என்னுடைய ஓட்டு செம்புத் தகட்டுக்கே. கல்லச்சில் கல்லின் மேல் சாக்குக்கட்டி வழுக்கிக்கொண்டு போகும், கைக்கு எதிர்ப்பே இருக்காது. அதனால் கோடு சரளமாக, இசையாக வருகிறது. தகட்டில் ஒவ்வொரு கோடும் ஒரு இழுபறி. இந்தப் பொருளுக்கு இழுபறிதான் பொருத்தம். தவிர, கல்லச்சில் சிறுமி தனியாக இருக்கிறாள். அவள் சாவதைப் பார்க்க முடியாமல் தலையைக் கவிழ்த்தவரை வெட்டி எடுத்துவிட்டால், பாதி வலி போய்விடுகிறது.

முழுக் காட்சியை எண்ணெய் வண்ணத்தில் அவர் மொத்தம் ஆறு முறை வரைந்தார். கடைசி இரண்டும் 1920களில். பழைய வெற்றியை நகலெடுத்து விற்கிறார் என்று ஏசியவர்கள் உண்டு. சில பிரதிகள் பணக்கார ரசிகர்கள் கேட்டு வரைந்தவை என்பதும் உண்மைதான். 1907ல் வரைந்த ஒன்றை ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகம் 1928ல் வாங்கியது. நாஜிகள் வந்ததும் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி, ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து முங்கின் 82 படைப்புகளைப் பறித்தார்கள். அதில் இவளும் போனாள். நார்வேயைச் சேர்ந்த கப்பல் அதிபர் தாமஸ் ஓல்சன் அதை வாங்கி 1939ல் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கே இருக்கிறது. 1886ல் சிரித்தவர்களுக்கும் 1937ல் பறித்தவர்களுக்கும் உறுத்தியது ஒரே விஷயம் என்று நினைக்கிறேன்: ஒரு குழந்தையின் படம் ஆறுதல் தர மறுக்கிறது.

கடைசியாக, எனக்குத் தீராமல் இருக்கும் ஒரு கேள்வி. இது யாருடைய உருவப்படம்? உட்கார்ந்தது பெட்ஸி. செத்தது ஸோஃபி. ஸோஃபிக்கு வயது பதினைந்து, படத்தில் இருப்பவள் அதைவிடச் சின்னவள். தலைமுடி பெட்ஸியுடையது. ஒரு பதினொரு வயதுப் பெண் நாள் கணக்கில் இன்னொருத்தியின் சாவை உட்கார்ந்து கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யாரும் அவளைக் கேட்டு எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு பயங்கரமான இணை அதே பெர்லினில் உண்டு. கேதே கோல்விட்ஸ் 1903ல் 'இறந்த குழந்தையுடன் பெண்' என்ற எட்சிங்கைச் செய்தார். ஒரு தாய் தரையில் உட்கார்ந்து, செத்த குழந்தையை மிருகம்போலக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன் ஏழு வயது மகன் பீட்டரையே மடியில் கிடத்திக்கொண்டு, தன்னையும் அவனையும் பார்த்து வரைந்தார். பதினோரு வருடம் கழித்து, 1914 அக்டோபரில், முதல் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களில், பீட்டர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். வயது பதினெட்டு. கோல்விட்ஸின் கோடு நடக்காததை முன்கூட்டியே கீறியது. முங்கின் கோடு நடந்து முடிந்ததை விடாமல் கீறுகிறது. கோல்விட்ஸின் தகட்டில் தசை இருக்கிறது, எலும்பு இருக்கிறது, உடம்பின் கனம் இருக்கிறது. அவர் மடியில் நிஜமாகவே ஒரு பையன் இருந்தான். முங்கின் தகட்டில் அந்தக் கனம் இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்திருந்தது வேறு ஒருத்தி. தேடியது அவள் முகத்துக்குள் இல்லாத முகத்தை. அவ்வளவு கோடுகளும் அந்தத் தேடலின் தடம் என்று வைத்துக்கொண்டால், பெட்ஸியின் முகம் ஏன் கிட்டத்தட்டத் தொடப்படாமல் வெள்ளையாகவே நிற்கிறது என்பதற்கும் ஒரு பதில் கிடைக்கிறது.

முங்க் 1944 ஜனவரியில், எண்பது வயதில், ஆஸ்லோவை அடுத்த எக்கெலியில் இறந்தார். கையில் இருந்த ஓவியங்கள், அச்சுகள், தகடுகள், கற்கள் எல்லாவற்றையும் ஆஸ்லோ நகரத்துக்கு எழுதி வைத்திருந்தார். அச்சுகள் மட்டும் ஏறக்குறைய 18,000. அவற்றுக்காகவே 1963ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள், 2021ல் அது துறைமுகத்தை ஒட்டிய புதுக் கட்டடத்துக்கு மாறியது. அவர் விட்டுச் சென்ற பொருட்களில் ஒரு பழைய பிரம்பு நாற்காலியும் இருந்தது. ஸோஃபி கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலி என்கிறார்கள். வீடு வீடாக, ஊர் ஊராக மாறிய மனிதர், அதை மட்டும் கடைசிவரை வைத்திருந்தார்.